பருவத்தின் பெயர் கொண்ட பானம்

நுவரெலியாவில் ‘சீசன்’ என்றால் சித்திரை மாதம். குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் கொழும்பிலிருந்து ஏறிவரும் மோட்டார் வண்டிகளின் நெரிசலும் சேர்ந்ததே அச்சொல். சென்ற சீசனின்போது அதே சொல்லைப் பெயராகத் தாங்கிய புட்டி ஒன்று என் மேசைக்கு வந்து சேர்ந்தது. பெல்ஜியத்தில் தொழில் பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் கொண்டுவந்தது. ‘சேசோன்’ என்பது அதன் பெயர்; பிரெஞ்சு மொழியில் பருவம் என்று பொருள். சிறு வடிசாலை ஒன்றில், தோடம்பழத் தோல் சேர்த்துக் காய்ச்சிய பியர்.

ஆசிரியருக்குக் கொண்டுவரும் பொருளா இது என்று வாசகர் கேட்கக்கூடும். நானும் கேட்டேன். “சேர், நீங்க குடிக்கவேணாம். இதோட கதைதான் உங்களுக்கு” என்றார் அவர்.

கதை இதுதான். பெல்ஜியத்தின் தென்பகுதியிலுள்ள எய்னோ மாகாணத்தில், அறுவடைக் காலத்துக்கென வெளியூர்க் கூலியாட்கள் பண்ணைகளுக்கு வருவார்கள். அவர்களது தாகத்துக்காகப் பண்ணைக்காரர் குளிர்காலத்திலேயே பியர் காய்ச்சிச் சேமித்துவைப்பார். கோடையில் காய்ச்சினால் காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் புகுந்து கெடுத்துவிடும். அக்காலத்தில் அது வலுக் குறைந்த பானமாக இருந்தது என்பர். இன்று புட்டியில் வருவதில் ஆறு, ஏழு வீதம் மதுசாரம் உண்டு. தூர்ப் என்ற சிற்றூரில் 1844இல் தொடங்கிய பண்ணை வடிசாலை, 1920 முதல் துய்ப்போன் குடும்பத்தின் கையில், இன்றும் இவ்வகையைக் காய்ச்சுகிறது. பெல்ஜிய நாட்டின் பியர்ப் பண்பாட்டை 2016இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

பருவத்துக்கு வந்த கூலிகள் என்றதும் என் சிந்தை மன்னார்க் கரைக்குப் போயிற்று. நம் முன்னோர் முதலில் வந்ததும் பருவத்துக்குத்தான். கோப்பிப் பழம் பறிக்கத் தமிழகத்திலிருந்து கடல் கடந்து, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, பறிப்பு முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். வழியில் மாண்டவரும் பலர். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. அதற்கு இரண்டாண்டு முன்னரே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டிருந்தார். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் வாரந்தோறும் கொழுந்து எடுக்கவேண்டும். பருவம் என்பதே இல்லாமற் போயிற்று. வந்தவர்கள் லயத்திலேயே தங்கினர்.

பியருக்கும் இம்மலைக்கும் உறவு பழையது. நுவரெலியாவில் 1881இல் எழுந்த வடிசாலையே பிற்காலத்துச் சிங்கமார்க் கம்பனியின் மூலம். குளிரும் மலையருவித் தண்ணீரும் வெள்ளைக்காரரை அங்கே இழுத்தன. அதன் கருநிற ஸ்டவுட் பியரை மைக்கல் ஜாக்சன் என்ற ஆங்கில எழுத்தாளர் (பாடகர் அல்லர், பியர் பற்றி எழுதியவர்) புகழ்ந்து உலகறியச் செய்தார். பின்னர் வடிசாலை பியகமைக்கு இறங்கிவிட்டது. ஆனால் அவ்வருவித் தண்ணீருக்குக் கீழே வாழ்ந்த தொழிலாளியின் கைக்கு வந்தது பியர் அன்று. தவறணைச் சாராயமும் கசிப்புமே.

என் தந்தையார் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டியவர். சம்பள நாளில் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு தவறணைக்குப் போகும் வளைவில் நிற்பார். சில மாதங்களில் பாதிச் சம்பளம் வீட்டுக்கு வரும். சில மாதங்களில் தந்தை மட்டும் வருவார். அவருக்குக் கொள்ளி வைத்த நாளில் அம்மாவுக்கு ஒரு சொல் கொடுத்தேன். நான் குடிக்காததற்குக் காரணம் வேதாந்தமன்று, இதுவே.

நிற்க. தேயிலைத் தொழிற்சாலையில் சுவை பார்ப்பவர் ஒரு கரண்டியை உறிஞ்சி, நாவில் சுழற்றி, உமிழ்ந்துவிடுவார் அல்லவா? அம்முறையில் பார்த்தேன். முதலில் மூக்குக்கு எட்டியது தோடம்பழத் தோலைக் கிள்ளும்போது தெறிக்கும் எண்ணெயின் மணம். பழச்சாற்றின் இனிப்பு இல்லை. பின்னால் மிளகுபோல் ஒரு காரம். அது மிளகினால் வந்ததன்று, வெப்பத்தில் பொங்கும் அந்தப் பியரின் நொதியே தருவது என்றார் மாணவர். முடிவில் நாக்கு வறண்டு இலேசாகக் கசந்தது. நம் மேல்மலைத் தேயிலையை நினைவூட்டும் கசப்பு. நன்றாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பொய் சொல்லி ஒழுக்கத்தைக் காக்கவேண்டியதில்லை. முற்றத்தில் உமிழ்ந்துவிட்டு வாய் கொப்பளித்தேன்.

அம்மா கிண்ணத்தை வாங்கி முகர்ந்தார். “மல்லித்தண்ணி வாசம் வருதே?” என்றார். புட்டியின் சீட்டைப் பார்த்தால் கொத்தமல்லி விதையும் சேர்த்திருக்கிறார்கள்! எழுபத்தெட்டு வயது மூக்கு. தடிமனுக்கு அவர் காய்ச்சித்தரும் கஷாயத்தின் மணத்தை நான் தவறவிட்டிருந்தேன்.

மாணவர் உற்சாகமாகப் பண்ணைக் கதையை அவருக்கும் சொன்னார். அம்மா கடைசிவரை கேட்டார்.

“தம்பி, அந்தத் தொரை இதச் சும்மா குடுத்தானா, கூலியில புடிச்சானா?”

“கூலியில ஒரு பங்கா குடுத்ததுதான் பாட்டி.”

“அப்ப புடிச்சதுதான்” என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தைக் கழுவ எடுத்துப்போனார்.