பக்கவாதமுற்றோரும் உடலுழைப்பும்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கரிசற்பூமி மழைவளம் குன்றியது. உழைப்பு வளம் குன்றாதது. மானாவாரி வெள்ளாமையை மட்டும் நம்பி வாழ இயலாத இப்பகுதி மக்கள் பலர், 1923-ஆம் ஆண்டில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தோன்றிய காலந்தொட்டுத் தம் விரல்களையே விளைநிலமாகக் கொண்டனர். பெட்டி ஒட்டுவதும், குச்சி அடுக்குவதும், வெடிக்குரிய காகிதக் குழாய் சுருட்டுவதும் கைத்திறனால் நிகழ்வன. செய்த அளவுக்கே கூலி. இத்தகைய இல்லத்தில் ஒருவர்க்குப் பக்கவாதத்தால் கையும் காலும் ஓய்ந்துவிடின், அடுப்பும் உடன் ஓய்ந்துவிடும் அன்றோ? ஆகலின், அந்நோயுற்றவர் மீண்டும் உடலை இயக்கி வாழ்தல் யாங்ஙனம் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பக்கவாதம் கைகால்களில் தோன்றும் நோயன்று. மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபடுவதாலேனும் வெடித்துக் கசிவதாலேனும் மூளையின் ஒரு பகுதி பழுதுறுவதே அதன் காரணம். மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தையும், வலப்பாதி இடப்பக்கத்தையும் பெரும்பாலும் ஆள்கின்றன. முகங்கோணுதல், கை தளர்தல், நாக்குழறுதல் ஆகிய குறிகள் கண்டவுடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்து நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தற்பாலது. புறாவின் குருதியைப் பூசிக்கொண்டு அப்பொழுதை இழப்பது பெருங்கேடு.

உயிர் பிழைத்து இல்லந்திரும்பிய பின்னர் வரும் கேடு வேறு வகையது. அஃது அன்பினால் விளைவது. தாயார்க்குச் சோற்றை ஊட்டிவிடுகின்றோம். தந்தையார் எழ முயன்றால், விழுந்துவிடுவார் என அஞ்சிக் கட்டிலிலேயே கிடத்துகின்றோம். பயன்படுத்தாத கையை மூளையும் மறந்துவிடுகின்றது. மாண்ட நரம்பணுக்கள் மீண்டும் உயிர் பெறா; ஆயினும் ஒரு செயலைப் பன்முறை செய்யச் செய்ய, எஞ்சிய பகுதிகள் அப்பணியை ஓரளவு ஏற்றுக்கொள்ளும். சுவிசேஷத்தில் வரும் சூம்பின கையினனும் தன் கையைத் தானே நீட்டுமாறன்றோ பணிக்கப்பட்டான்?

2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று இதனை விளக்கும். நோயுற்று மூன்று முதல் ஒன்பது திங்கள் கழிந்த 222 பேர் அதிற் பங்குகொண்டனர். அவருள் ஒரு சாரார்க்கு, நல்ல கைக்கு உறை மாட்டி, நலிந்த கையையே இரண்டு வாரம் இடைவிடாது பயிற்றினர். அக்கை பெற்ற முன்னேற்றம் ஓராண்டுக்குப் பின்னரும் நிலைத்திருந்தது. எனினும், விரலும் மணிக்கட்டும் சிறிதேனும் அசைபவர்க்கே இம்முறை பொருந்தும்.

விரைவும் அளவறிந்ததாதல் வேண்டும். ஐந்து நாடுகளில் 2104 நோயாளரைக் கொண்டு நிகழ்ந்து 2015-இல் வெளியான ஆய்வில், முதல் 24 மணி நேரத்திற்குள்ளேயே மிகுதியாக எழுப்பி நடத்தப்பட்டோர் மற்றையோரினும் குறைந்த நலமே பெற்றனர். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 பேரிடம் நிகழ்த்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வோ, வீட்டார்க்குப் பயிற்சிமுறைகளைக் கற்பித்து அனுப்பியதனால் வழக்கமான சிகிச்சையினும் மிகுந்த பயன் விளையவில்லை எனக் காட்டிற்று. அன்பு இன்றியமையாதது, ஆயினும் தேர்ந்தாரது கையின் இடத்தை அஃது அடைதல் அரிது. நம் தமிழ்நாட்டரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தின் வாயிலாக, இயன்முறைச் சிகிச்சையும், இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் உரிய மாத்திரைகளும் இல்லந்தேடி வருகின்றன. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளது. இவற்றைக் கேட்டுப் பெறுதல் நம் கடன்.

மருத்துவர் இசைவளித்த பின்னர், வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள், 20 முதல் 60 நிமிடம் வரை நடத்தல் முதலியன நன்று. இயலாதார் பத்துப்பத்து நிமிடமாகப் பகுத்துக்கொள்ளலாம். நம் ஊர் வெயிலுக்கு விடியற்பொழுதே ஏற்றது. நடக்கும்போது பேச இயலுமளவே நடை இருத்தல் வேண்டும். மார்வலியோ தலைச்சுற்றலோ தோன்றின் உடனே நிறுத்துக. ஊன்றுகோல் நல்ல கையில் இருக்க, துணைவர் நலிந்த பக்கத்தில் நிற்பாராக. படியேறுங்கால் நல்ல காலும், இறங்குங்கால் நலிந்த காலும் முற்படுக. நலிந்த கையைப் பற்றி இழுத்து ஒருவரைத் தூக்குதல் கூடவே கூடாது, தோள்மூட்டு விலகிவிடும்.

கைப்பயிற்சிக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. உளுந்து பொறுக்குதல், துணி மடித்தல், மருந்து முக்காத வெறுங்குச்சிகளைப் பெட்டியில் அடுக்குதல், வெறுங்காகிதத்தைச் சுருட்டுதல் ஆகிய யாவும் நற்பயிற்சிகளே. பழகிய தொழிலாதலின் மனமும் அதில் ஒன்றும். தாம் பிறர்க்குச் சுமை என்னும் ஏக்கமும் சிறிது தணியும். ஆனால், உணர்ச்சி குன்றிய கையோடு பட்டாசுச் சாலையில் மருந்து கலக்கும் அறைக்கோ, மருந்து செலுத்தும் பணிக்கோ திரும்புதல் தகாது. சிறு உராய்வும் அங்கே பல உயிர்களைக் கொள்ளும். அத்தகையோர்க்கு வெடிமருந்து தீண்டாத வேறு பணி அளிப்பது முதலாளிகளுக்கு அறமாகும்.

ஆதலின் மாணவத் தோழர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது இத்தகைய பெரியவர் ஒருவர் நும் தெருவில் இருப்பின், அவர் நீர் அருந்துங்காற் செம்பை நீர் ஏந்திப் பிடியாதீர். அவர் கையே அதனைப் பற்றும் அளவும் அருகிற் பொறுத்திருங்கள். அப்பொறுமையும் ஒரு மருந்தேயாகும்.