நகரை அடுத்த கிராமங்களும் வீட்டு மனைகளும்

நகரங்கள் வளர வளர, அவற்றை அடுத்த கிராமங்களின் வயல்கள் வீட்டு மனைகளாக மாறி வருவது யாவரும் அறிந்ததே. குடியிருக்க இடம் தேடி வருவோரைத் தடுப்பது முறையன்று, இயல்வதும் அன்று. ஆயினும், வீடுகள் எவ்விடத்தில் அமையலாம், எவ்விடத்தில் அமையலாகாது என்பதை ஊரார் முன்னதாகவே ஆராய்ந்து வைத்தல் அவசியம். இதில் முதலில் கவனிக்கத்தக்கது நீர் வழியே ஆகும்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 செ.மீ. மழை பெய்தது. அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகள் நீரில் மூழ்கின. ஓர் ஏக்கர் நிலத்தில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் நீர் விழும். 49 செ.மீ. எனில் அஃது ஏறத்தாழ 20 லட்சம் லிட்டர் ஆகும். வயலாயின் வரப்பு ஒரு பகுதியைத் தேக்கும். மண் ஒரு பகுதியை உறிஞ்சும். கூரையும் தார்ச் சாலையும் அவ்வாறு செய்வதில்லை.

ஏரிக்கு நேரும் கேடு

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகளில் ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்துள்ளன. வரவுக் கால்வாய் வழியே நீர் ஏரியை அடைகிறது. மதகு வழியே ஆயக்கட்டுக்குப் பாய்கிறது. மிகுந்த நீர் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குச் செல்கிறது. இவற்றுள் ஒன்று அடைபட்டாலும் பல ஊர்கள் துன்புறும்.

நாம் பார்வையிட்ட ஓர் ஊரில், மனைப் பிரிவுக்குச் சாலை அமைத்தோர் கலங்கல் கால்வாயைத் தூர்த்து, ஒரே ஒரு சிமெண்டுக் குழாயைப் பதித்திருந்தனர். இரண்டாம் ஆண்டு மழையில் நீர் திரும்பி, ஊரின் தாழ்வான தெருவுக்குள் புகுந்தது. நிலத்தை விற்றவரும் வாங்கியவரும் அத்தெருவில் இல்லை. பல தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த கூலிக்காரக் குடும்பங்களே வீடிழந்தன.

மற்றொரு கேடு உடனே கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆயக்கட்டு முழுதும் மனையாகிவிட்டால், மதகைப் பழுது பார்க்கவும் கால்வாயைத் தூர் வாரவும் அக்கறை உள்ளவர் எவரும் இரார். ஏரி கேட்பாரற்றுக் கழிவு நீர்க் குட்டையாகிவிடும். ஊர்க் கிணறுகளும் கெடும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, கிராம வரைபடத்தையும் புல வரைபடங்களையும் கையில் கொண்டு, மழைக் காலத்தில் ஊரைச் சுற்றி வருதல் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரையும், நீர் பாய்ச்சி அனுபவமுள்ள முதியவர்களையும் உடன் அழைத்துச் செல்லலாம். கால்வாய், ஓடை, மேய்க்கால், வண்டிப் பாதை ஆகியவற்றைப் புல எண்ணுடன் குறித்து, கிராம சபையில் தீர்மானமாகப் பதிவு செய்தல் நன்று.

இரண்டாவதாக, மனைப் பிரிவுக்கு உரிய அங்கீகாரம் உண்டா எனப் பார்த்தல் வேண்டும். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016ஆம் ஆண்டு தடை விதித்தது. அறியாமல் வாங்கிய எளிய மக்கள் அதனால் பெரிதும் அல்லலுற்றனர்.

மூன்றாவதாக, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவில், சாலைகள் நீங்கலான பரப்பில் நூற்றுக்குப் பத்துப் பங்கு பொதுத் திறந்த வெளியாக ஒதுக்கப்படல் வேண்டும் என்பது விதி. சாலைகளையும் அவ்வெளியையும் தானப் பத்திரத்தின் மூலம் பெற்று, எல்லைக் கல் நட்டு, பெயர்ப் பலகை வைத்தல் பஞ்சாயத்தின் கடமை. பத்திரம் மட்டும் பெட்டியில் இருந்தால் இடம் நிலைக்காது.

விவசாயிகளும் ஒன்றை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். விற்கும் நிலத்தின் வழியே அண்டை வயலுக்குச் செல்லும் வாய்க்காலையும் பாதையையும் கிரயப் பத்திரத்தில் தெளிவாகக் குறிப்பிட்டால், பின்னர் வழக்குகள் நேரா.

புதிதாகக் குடியேறியோரையும் அயலார் என ஒதுக்கலாகாது. அவர்களுடைய ஆழ்துளைக் கிணறுகளுக்கு நீர் ஊறுவதும் அதே ஏரியினால்தான். அவர்களைக் கிராம சபைக்கு அழைத்து, கால்வாய் தூர் வாரும் பணியில் பங்கேற்கச் செய்தல் வேண்டும். ஆயக்கட்டுதாரர் விட்டுச் சென்ற பொறுப்பை இவர்கள் ஏற்றுக்கொண்டால் ஏரியும் நிலைக்கும். அதன் கீழ் எழுந்த வீடுகளும் நிலைக்கும்.