நிலா ஏன் இட்லி ஆயிற்று?

கம்பளி நூலில் ஒரு சிறு பை பின்ன வேண்டும். அகலம் 15 செ.மீ., உயரம் 10 செ.மீ. வாய்க்கு ஒரு ஜிப். முன்பக்கத்தில் நீல வானமும் அதில் ஒரு வெள்ளை முழுநிலாவும். நிலாவின் கீழே வரிசையாகச் சிறு நட்சத்திரங்கள். விடுதியில் தங்கிப் படிக்கப் போகும் ஒரு பெண் பேனா, பென்சில், காம்பஸ் போட்டு வைத்துக்கொள்வதற்கு. இவ்வளவுதான் வேலை. இதில் என்ன இயற்பியல் இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். சென்ற மே மாதம் கோத்தகிரியில் என் அக்கா வீட்டுக்குப் போகும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அக்கா பல ஆண்டுகளாக ஸ்வெட்டர் பின்னிப் பழகியவர். ஆனால் படம் வைத்து, ஜிப் தைத்த பை பின்னுவது அவருக்கு அதுவே முதல் தடவை. நிலாவை அவருடைய மகளே கட்டம் போட்ட கணக்கு நோட்டில் வரைந்து கொடுத்திருந்தாள். குறுக்கே 14 கட்டம். நெடுக்கே 14 கட்டம். மூன்று மாலைகளில் பை முடிந்தது. மேசைமேல் வைத்துப் பார்த்தபோது மூன்று குறைகள் கண்ணில் பட்டன. நிலா வட்டமாக இல்லை. மேலிருந்து யாரோ அமுக்கியதுபோல் இருந்தது. நட்சத்திர வரிசை வந்த இடத்தில் பை சுருங்கி இடுப்புப்போல் சிறுத்திருந்தது. ஜிப்போ நேராக நிற்காமல் பாம்புபோல் நெளிந்தது. இழுத்தால் பாதி வழியில் சிக்கிக்கொண்டது.

"மாமா, இது நிலா இல்லை, இட்லி" என்றாள் பெண். சிரிப்பதற்காகச் சொன்னதல்ல என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"இவள் விடுதிக்குப் போக இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. தம்பி, நீ காலேஜில் பாடம் நடத்துகிறாயே, இது ஏன் இப்படி ஆயிற்று என்று சொல்லேன்" என்றார் அக்கா.

என்னிடம் உடனே விடை இல்லை. ஓர் அளவுகோலும் ஒரு பழைய பனியனும் கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று குறைகளுக்கும் காரணம் ஒன்றே என்பது அன்று இரவுதான் விளங்கிற்று.

நெசவும் பின்னலும்

வேட்டியும் சேலையும் நெய்த துணிகள். அவற்றில் பாவு நூல்கள் நெடுக்கே ஓடுகின்றன. ஊடை நூல்கள் குறுக்கே ஓடுகின்றன. ஒவ்வொரு நூலும் ஏறக்குறைய நேராகவே செல்கிறது. எனவே வேட்டியைக் குறுக்கே இழுத்தால் அது அதிகம் நீளாது. நூலே நீண்டால்தான் துணி நீள முடியும்.

பின்னலில் கதை வேறு. ஒரே நூல் வளைந்து வளைந்து வளையங்களாகிறது. இந்த வளையத்தைக் கண்ணி என்போம். மேல் வரியிலுள்ள கண்ணி கீழ் வரியிலுள்ள கண்ணியின் உள்ளே புகுந்து வெளியே வருகிறது. முடிச்சு எங்கும் கிடையாது. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால்தான் துணி நிற்கிறது. கடைசிக் கண்ணியை விடுவித்து நூல் நுனியை இழுத்தால் முழுத் துணியும் பிரிந்து நூலாகிவிடும். திருப்பூரில் எந்திரங்கள் பின்னும் பனியன் துணியும் இதே கண்ணிகளால் ஆனதுதான். இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589இல் முதல் பின்னல் எந்திரத்தை அமைத்தபோதும் கையால் போடும் கண்ணியையே எந்திரத்தைப் போடச் செய்தார்.

அக்கா சம்மதித்ததும் பையின் வெற்று நீலப் பகுதியில் ஒரே ஒரு வரியைப் பிரித்து அளந்தேன். 15 செ.மீ. அகலமுள்ள அந்த வரியில் ஏறத்தாழ 45 செ.மீ. நூல் இருந்தது! ஆக, ஒவ்வொரு கண்ணியும் தன் அகலத்தைப் போல் சுமார் மூன்று மடங்கு நூலைத் தன்னுள் வளைத்து வைத்திருக்கிறது. இந்தச் சேமிப்பே பின்னல் துணியின் இரகசியம்.

எஃகுச் சுருள்வில்லை நினைத்துப் பாருங்கள். எஃகுக் கம்பியை நேராகப் பிடித்து இழுத்தால் அது நீள்வது கண்ணுக்கே தெரியாது. அதே கம்பியைச் சுருளாக்கினால் ஒரு குழந்தைகூட இழுத்து நீட்டலாம். அங்கே கம்பி நீளவில்லை. அதன் வடிவம்தான் மாறுகிறது. விட்டவுடன் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. பின்னலும் அவ்வாறே. இழுக்கும்போது கண்ணியின் வளைவு மாறுகிறது, விட்டால் மீள்கிறது. 2018இல் பிரான்ஸ் நாட்டு இயற்பியலார் சிலர் 'பிசிக்கல் ரெவ்யூ எக்ஸ்' என்ற ஆய்விதழில் இதைக் கணக்கிட்டுக் காட்டினர். நூலை வளைக்கத் தேவையான ஆற்றல், நூலின் மாறாத நீளம், கண்ணிகள் ஒன்றையொன்று கோத்திருக்கும் முறை ஆகிய மூன்றையும் கொண்டே பின்னல் துணி நீளும் விதத்தை அவர்கள் விளக்கினர்.

நிலா அமுங்கியது ஏன்?

இனி முதல் குறைக்கு வருவோம். அக்காவின் பின்னலில் 10 செ.மீ. அகலத்தில் 22 கண்ணிகள் இருந்தன. ஆனால் 10 செ.மீ. உயரத்தில் 28 வரிகள் இருந்தன. அதாவது கண்ணி சதுரம் அல்ல, அகலம் 4.5 மி.மீ., உயரம் 3.6 மி.மீ.

இதற்குக் காரணம் என்ன? சமையலறையில் டம்ளர்களை ஒன்றனுள் ஒன்றாகச் செருகி அடுக்குகிறோம் அல்லவா? ஒவ்வொரு டம்ளர் சேரும்போதும் அடுக்கு ஒரு டம்ளர் உயரம் கூடுவதில்லை, விளிம்பளவுதான் கூடுகிறது. கண்ணிகளும் நெடுக்கே இப்படித்தான் ஒன்றனுள் ஒன்று செருகி நிற்கின்றன. பக்கவாட்டிலோ அவை அருகருகே அமர்கின்றன. ஆகவே வரியின் உயரம் கண்ணியின் அகலத்தைவிடக் குறைகிறது.

இப்போது கணக்கிடுங்கள். நிலாவின் அகலம் 14 கண்ணி, அது 6.4 செ.மீ. உயரம் 14 வரி. அது 5 செ.மீ. மட்டுமே. நோட்டுப் புத்தகத்தின் கட்டம் சதுரம், கம்பளியின் கட்டம் செவ்வகம். வட்டம் இட்லி ஆகாமல் என்ன செய்யும்? 14ஐ 28ஆல் பெருக்கி 22ஆல் வகுத்தால் 17.8 வருகிறது. 18 வரிகள் பின்னினால் நிலா நிமிர்ந்துவிடும்.

கணக்குப் போட விரும்பாதவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. 5 மி.மீ. அகலமும் 4 மி.மீ. உயரமும் உள்ள கட்டங்களைத் தாளில் போட்டுக்கொண்டு, அதன்மேல் காம்பஸால் வட்டம் வரையுங்கள். வட்டத்துக்குள் விழும் கட்டங்களெல்லாம் வெள்ளைக் கண்ணிகள்.

இடுப்புச் சிறுத்தது ஏன்?

நிலாவுக்கு அக்கா தனி வெள்ளை உருண்டையும், அதன் இருபுறமும் தனித்தனி நீல உருண்டைகளும் வைத்துப் பின்னியிருந்தார். நிறம் மாறும் இடத்தில் இரு நூல்களையும் ஒன்றின்மேல் ஒன்று போட்டுக்கொண்டதால் ஓட்டை விழவில்லை. ஆனால் நட்சத்திர வரிகளில் நீலமும் வெள்ளையும் சேர்ந்தே ஓடின. நீலக் கண்ணி போடும்போது வெள்ளை நூல் துணியின் பின்புறம் சும்மா கடந்து செல்லும். ஸ்காட்லாந்தின் வடபகுதியில் உள்ள ஃபேர் ஐல் என்னும் சிறு தீவின் பெயரால் உலகெங்கும் அறியப்படும் முறை இது.

பின்புறம் ஓடும் அந்த நூலைக் கவனியுங்கள். அது கண்ணியாக வளையவில்லை, நேராகச் செல்கிறது. ஐந்து கண்ணிகளைக் கடக்கும் தூரம் 2.3 செ.மீ. அந்த ஐந்து கண்ணிகளில் சுமார் 7 செ.மீ. நூல் சேமிப்பாக உள்ளது. பின்னால் ஓடும் நூலிலோ சேமிப்பே இல்லை. அதைச் சற்று இறுக்கி 2 செ.மீ. ஆக்கிவிட்டால் துணியும் அந்த இடத்தில் 2 செ.மீ.க்குச் சுருங்கித்தான் ஆக வேண்டும். நீளாத நூல் நீளும் துணியைக் கட்டிப்போட்டுவிடுகிறது.

பரிகாரம் எளிது. நூலைக் கடத்துவதற்கு முன் ஊசியிலுள்ள கண்ணிகளை நன்றாகப் பரப்பிவிட வேண்டும். அதன்பின் நூலைத் தளர்வாகப் போட வேண்டும். நான்கைந்து கண்ணிகளுக்கு மேல் கடக்க வேண்டியிருந்தால் நடுவில் ஒரு முறை மற்ற நூலுடன் சுற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பையினுள் பென்சில் முனை அந்த நூலில் மாட்டிக்கொள்ளும்.

ஜிப் நெளிந்தது ஏன்?

ஜிப்பின் பற்கள் ஒரு நாடாவின் விளிம்பில் பொருத்தப்பட்டுள்ளன. அந்த நாடா நீளாத வகையில் நெய்தது. ஜிப்பின் நீளம் 15 செ.மீ. பையின் வாயோ, கண்ணிகளை இறுக்கி முடித்ததால், 14 செ.மீ. தான் இருந்தது. அக்கா அதை இழுத்துப் பிடித்து ஜிப்புக்குச் சமமாக்கித் தைத்துவிட்டார். கையை விட்டதும் பின்னல் தன் பழைய 14 செ.மீ.க்குத் திரும்ப முயன்றது. 15 செ.மீ. நாடா 14 செ.மீ. இடத்தில் எப்படி அடங்கும்? நெளிந்துதான் அடங்கும். நெளிந்த இடத்தில் பற்கள் நேர்க்கோட்டில் இல்லாததால் ஓடியும் சிக்கிற்று.

வேறொரு தொல்லையும் இருந்தது. ஒரே வகைக் கண்ணியால் பின்னிய துணியின் விளிம்பு சுருளும். மேல் கீழ் ஓரங்கள் முன்பக்கமாகவும் இடது வலது ஓரங்கள் பின்பக்கமாகவும் சுருளும். வளைத்து வைத்த நூல் நிமிரப் பார்ப்பதும், துணியின் முன்பக்க அமைப்பும் பின்பக்க அமைப்பும் ஒன்றுபோல் இல்லாததுமே இதற்குக் காரணம். பனியன் துணியை வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்வதும் இதனால்தான். வாய் ஓரத்தில் சில வரிகளை, முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போது முன்கண்ணி ஒரு வரி, பின்கண்ணி ஒரு வரி என்று மாறி மாறித் தெரியும்படி போட்டால் இருபக்கமும் ஒன்றுபோலாகிச் சுருளல் நின்றுவிடும்.

மறுபடியும் பின்னினோம்

மூன்று மாலை வேலையை அக்கா சில நிமிடங்களில் பிரித்துவிட்டார். பார்க்க எனக்குத்தான் மனம் வரவில்லை. பிரித்த நூல் நேராக இல்லை, அலையலையாகச் சுருண்டிருந்தது. கண்ணியின் வடிவத்தை அது மறக்கவில்லை. நூலைத் தண்ணீரில் நனைத்து, நேராகத் தொங்கவிட்டு உலர்த்தியதும் அலைகள் மறைந்தன. ஈரம் கம்பளியிலுள்ள புரத மூலக்கூறுகளிடையே சில பிணைப்புகளைத் தளர்த்துகிறது. உலரும்போது புதிய நிலையில் அவை மீண்டும் உண்டாகின்றன. ஈரத் தலைமுடியை வாரிய வடிவிலேயே அது உலர்வதும் இவ்வாறுதான்.

இம்முறை முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, நனைத்து, உலர்த்தி, அளந்தோம். நட்சத்திர வரிகளுக்குத் தனியாக ஒரு துண்டு. இரு நூல் ஓடும் இடத்தில் கண்ணியின் அகலம் மாறக்கூடும் என்பதால் எந்த முறையில் பின்னப் போகிறோமோ அந்த முறையிலேயே மாதிரியும் வேண்டும். பிறகு 33 கண்ணிகளுடன் தொடங்கி, முன்புறமும் பின்புறமும் சேர்ந்த ஒரே துண்டாகப் பின்னி, தளர்வாக முடித்தார் அக்கா. ஈரத்துடன் பலகையில் விரித்து, வாய் சரியாக 15 செ.மீ. இருக்கும்படி குண்டூசி குத்தி உலர வைத்தோம். ஜிப்பின் இரு முனைகளையும் நடுப்பகுதியையும் முதலில் பிடித்துவைத்து, எதையும் இழுக்காமல் கையாலேயே தைத்தோம்.

புறப்படுவதற்கு முதல் நாள் மாலை பை முடிந்தது. பெண் அளவுகோலை எடுத்து நிலாவைக் குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்தாள். இரண்டும் 6.4 செ.மீ. ஜிப்பை நான்கைந்து தடவை திறந்து மூடினாள். பிறகு காம்பஸை உள்ளே போட்டுக்கொண்டாள்.

நீங்களும் செய்து பாருங்கள்

ஒரு பழைய பனியனில் பேனாவால் 5 செ.மீ. சதுரம் ஒன்று வரையுங்கள். அதைக் குறுக்கே இழுத்து, அகலத்தையும் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். அகலம் கூடும்போது உயரம் குறைவதைக் காண்பீர்கள். கண்ணியிலுள்ள நூலின் நீளம் மாறாததால், அது அகலத்துக்குக் கொடுத்ததை உயரத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதே சோதனையை ஒரு பழைய வேட்டித் துண்டிலும் செய்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.