மருந்தகத்தில் பாதி விலையா? தேதியைக் கணக்குப் பார்த்து வாங்குங்கள்

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டார மருந்தகங்களில் சிவப்பு விலைச்சீட்டு ஒட்டிய கூடைகளைப் பார்க்காதவர் குறைவு. வைட்டமின் மாத்திரை, முகக் களிம்பு, ஷாம்பு, பற்பசை எனப் பலவும் பாதி விலைக்குக் கிடைக்கும். தோட்டத்திலிருந்து மாதம் ஒருமுறை பட்டணம் வரும் குடும்பத்திற்கு இது நல்ல சேமிப்புதான். ஆனால் எல்லாப் பொருளுக்கும் ஒரே கணக்கு பொருந்தாது.

ஏன் விலை குறைகிறது?

பெட்டியின் வடிவம் மாறியிருக்கலாம், பெருநாள் பரிசுப் பொதிகள் மிஞ்சியிருக்கலாம். இவற்றை வாங்கினால் இலாபமே. காலாவதி தேதி நெருங்குவது மற்றொரு காரணம். அங்குதான் கவனம் தேவை.

ஓர் எடுத்துக்காட்டு: 60 ரிங்கிட் மதிப்புள்ள 120 மாத்திரைகள் 30 ரிங்கிட்டுக்குக் கிடைக்கின்றன. நாளுக்கு ஒன்று சாப்பிடுபவர் அதை முடிக்க நான்கு மாதம் ஆகும். தேதி முடிய இரண்டே மாதம் இருந்தால் 60 மாத்திரைகள் குப்பைக்குத்தான். அப்போது ஒரு மாத்திரையின் விலை முன்பு போலவே 50 சென். சேமிப்பு எதுவும் இல்லை.

எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

சவர்க்காரம், ஷாம்பு, பற்பசை போன்றவை சீக்கிரம் தீர்ந்துவிடும். தேதி சற்று நெருங்கியிருந்தாலும் பாதகமில்லை. வெயில் தடுப்புக் களிம்பு, குழந்தைப் பால்மாவு, இரத்தச் சர்க்கரை பார்க்கும் பட்டைகள் ஆகியவற்றில் கண்டிப்பு வேண்டும். தேதி கடந்த பட்டை தவறான அளவைக் காட்டக்கூடும். அதை நம்பி நீரிழிவு நோயாளி மருந்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஆபத்து.

திறந்த டப்பா படத்தில் '12 எம்' என்றிருந்தால், திறந்த பின் 12 மாதத்திற்குள் பயன்படுத்த வேண்டும் என்பது பொருள். முத்திரை உடைந்த, நசுங்கிய, வெயில் பட்ட பொருளை வாங்க வேண்டாம்.

மருந்துக்கும் சத்து மாத்திரைக்கும் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். 2025 மே 1 முதல் மருந்தகங்களும் தனியார் கிளினிக்குகளும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பதால், இரண்டு கடைகளின் விலையை ஒப்பிடுவதும் எளிது.

ஏமாந்தால்?

தேதி நெருங்கியது என்று கடைக்காரர் முன்பே எழுதி வைத்திருந்தால், அந்தக் காரணத்தைச் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்பது கடினம். ஆனால் தேதி ஏற்கெனவே முடிந்திருந்தாலோ பொருள் உள்ளே கெட்டிருந்தாலோ, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற அறிவிப்பு 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையைப் பறித்துவிடாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். அதற்கு ரசீது அவசியம். பொருள் தீரும்வரை அதைப் பத்திரமாக வையுங்கள்.