தாமிரபரணியும் மின்சாரச் சல்லடையும்

பொதிகையில் பிறந்து, புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணிக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே பிறந்து, வளர்ந்து, முடியும் ஜீவநதி அது. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் அதன் நீரைப் பகிர்ந்து வயல்களுக்கு அளிக்கின்றன. திருநெல்வேலி, தூத்துக்குடி நகரவாசிகளின் குடமும் அதனால்தான் நிறைகிறது.

அந்தப் புண்ணிய நதியின் ஜலத்தில் தலைவலி மாத்திரையின் சுவடு தென்படுகிறது என்றால் நேயர்கள் திடுக்கிடக்கூடும். ஆனால் இது வெறும் வதந்தியன்று. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக் கழகத்து விஞ்ஞானிகள் காவேரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆகிய மூன்று நதிகளின் நீரையும் எடுத்துச் சோதித்து, 2011-லும் 2014-லும் முடிவுகளை வெளியிட்டனர். ஆஸ்பிரின், ஐபூப்ரோஃபென் போன்ற வலி நிவாரணிகளும், காக்காய் வலிப்புக்குத் தரும் கார்பமாஸெபைனும் நம் நதிகளில் காணப்பட்டன. சோப்பிலும் பற்பசையிலும் கிருமிநாசினியாகச் சேர்க்கப்பட்ட டிரைக்ளோஸான், மற்ற இரு நதிகளைக் காட்டிலும் தாமிரபரணியில் பன்மடங்கு அதிகமாயிருந்தது. சராசரி லிட்டருக்கு 944 நானோகிராம். தொழிற்சாலைக் கழிவே இதற்குக் காரணமாயிருக்கலாம் என்று அவர்கள் கருதினர்.

இந்த எண்ணைக் கண்டு அஞ்சி யாரும் தண்ணீர் குடிப்பதை நிறுத்த வேண்டியதில்லை. பத்து லட்சம் லிட்டர் நீரில் ஒரு கிராம் கரைந்தால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே இது. ஒரு குவளை நீரில் மனிதனைப் படுக்க வைக்கும் அளவு மருந்து இல்லை. ஆனால் அந்த நீரிலேயே பிறந்து, அதிலேயே வாழ்நாள் முழுதும் மூழ்கியிருக்கும் மீனுக்கும் பாசிக்கும் வேறு போக்கிடம் ஏது? கிருமிக்கொல்லி மருந்து கலந்த நீரில் பழகிய கிருமி, பிறகு ஆஸ்பத்திரியில் அதே மருந்துக்கு அடங்க மறுக்கிறது. ஹைதராபாத்தை அடுத்த பட்டஞ்செருவில், சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளிவிடும் நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை ஸிப்ரோஃப்ளாக்ஸஸின் இருந்ததாக 2007-இல் வெளிவந்த ஆராய்ச்சி உலகத்தையே திகைக்க வைத்தது.

மருந்து எவ்வாறு நதிக்கு வருகிறது? நாம் விழுங்கும் மாத்திரை முழுவதும் உடலில் கரைந்து மறைந்துவிடுவதில்லை. ஒரு பகுதி சிறுநீரோடு வெளியேறிச் சாக்கடையை அடைகிறது. சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும் நிலையங்கள் அழுக்கையும் கிருமியையும் போக்குவதற்காக ஏற்பட்டவை. கார்பமாஸெபைன் போன்ற பிடிவாதமான பொருள்கள் அவற்றின் ஊடே ஏறக்குறைய வந்தபடியே வெளியேறிவிடும்.

இங்கேதான் மின்சாரச் சவ்வைப் பற்றிய பேச்சு எழுகிறது. உப்பு நீரில் கரையும்போது, நேர் மின்னேற்றமும் எதிர் மின்னேற்றமும் கொண்ட அணுத்துகள்களாகப் பிரிகிறது. இவற்றில் ஒரு வகையை மாத்திரம் உள்ளே விடும் சவ்வையும், மற்றொரு வகையை மாத்திரம் விடும் சவ்வையும் புத்தகத்தின் ஏடுகளைப் போல மாற்றி மாற்றி அடுக்கி, இரு முனைகளிலும் மின்சாரத்தைப் பாய்ச்சினால், ஓர் அறையின் உப்பெல்லாம் பக்கத்து அறைக்குப் போய்விடும். ஓர் அறையில் நல்ல நீர், அடுத்ததில் உப்பு நீர். 1950-இல் அமெரிக்காவில் ஜூடா, மக்ரே என்ற இருவர் இதற்கு ஏற்ற சவ்வுகளைச் செய்து காட்டினர். நம் தேசமும் பின்தங்கிவிடவில்லை. 1954-இல் பாவநகரில் பண்டித நேரு திறந்து வைத்த மத்திய உப்பு ஆராய்ச்சி ஸ்தாபனம் இத்தகைய சவ்வுகளைச் சுதேசியாகவே தயாரித்து, உவர் நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்களையும் அமைத்தது.

உப்பை விரட்டும் இந்த வித்தை மருந்தையும் விரட்டுமா? பாதி விரட்டும் என்பதே நேர்மையான விடை. ஐபூப்ரோஃபெனுக்கு ஆற்று நீரில் எதிர் மின்னேற்றம் உண்டு. ஆகவே மின்சாரம் அதை இழுக்கும். ஆனால் உப்பைக் காட்டிலும் பருத்த உருவமாகையால் மெதுவாகவே நகரும். சில வேளை சவ்விலேயே ஒட்டிக்கொண்டு அதை அடைத்துவிடும். கார்பமாஸெபைனுக்கோ மின்னேற்றமே கிடையாது. மின்சாரம் அதைச் சட்டை செய்யாது. அது இருந்த இடத்திலேயே இருக்கும். ஸ்விட்ஸர்லாந்தில் இந்தக் குறையையே குணமாக மாற்றினார்கள். சிறுநீரிலுள்ள உரச்சத்தைச் சவ்வின் வழியே இழுத்துக்கொண்டு, மருந்தைப் பின்னால் நிறுத்திவிடலாம் என்று 2006-இல் காட்டினார்கள்.

விரட்டப்பட்ட மருந்து அழிந்துவிடுவதில்லை என்பதையும் மறக்கலாகாது. ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குக் குடி மாறுகிறது, அவ்வளவே. அழிப்பதற்கு வேறொரு முறை உண்டு. மின்சாரம் பாயக்கூடிய டைட்டானியப் பொருளால் நுண்துளைச் சவ்வு செய்து, அதையே மின்முனையாக்கி, அதன் வழியே நீரைச் செலுத்துகிறார்கள். துளைகளின் சுவரில் தோன்றும் வீரியமுள்ள பிராணவாயுச் சேர்க்கைகள், மின்னேற்றம் உள்ளது இல்லாதது என்ற பேதம் பாராமல் மருந்தைச் சிதைத்துவிடுகின்றன. இதிலும் ஓர் ஆபத்து உண்டு. நீரில் உப்பு இருந்தால் அதிலுள்ள குளோரினும் கிளம்பி, புதிய நச்சுப் பொருள்களை உண்டாக்கக்கூடும். ஆகையால் வெளிவரும் நீரை மறுபடியும் சோதித்தே தீர வேண்டும்.

இந்த இயந்திரத்தைச் சுத்தமல்லியிலோ மருதூரிலோ நிறுத்தித் தாமிரபரணி முழுவதையும் வடிகட்டிவிடலாமா? இயலாத காரியம். பாபநாசத்தில் இதே நதி விழும் வேகத்தில் மின்சாரம் எடுக்கிறோம். ஆனால் அத்தனை நீரையும் அடக்கும் சவ்வுக்கு எங்கே போவது? தவிர, ஆற்று நீரில் உப்பு சொற்பம். உப்பு குறைந்த நீரில் மின்சாரம் எளிதில் பாயாது, செலவு ஏறும். ஒரு சொட்டு மருந்து ஒரு குடம் நீரில் இருக்கும்போது பிடிப்பது சுலபம். அது ஒரு நதியில் கலந்த பிறகு பிடிப்பது பிரம்மப் பிரயத்தனம். ஆஸ்பத்திரியின் வாசலிலும், மருந்துத் தொழிற்சாலையின் வாசலிலும் இந்த யந்திரங்களை வைப்பதே விவேகம். நகரத்துச் சாக்கடை நீர் சுத்திகரிக்கப்படாமல் நதியில் விழும் ஒவ்வொரு வாய்க்காலையும் முதலில் அடைக்க வேண்டும். அதைச் செய்யாமல் மின்சாரச் சவ்வைத் தேடுவது, ஓட்டைப் பானைக்கு வெள்ளி மூடி போடுவதற்கு ஒப்பாகும்.

‘சேற்றை மிதிப்பானேன், காலைக் கழுவுவானேன்?’ என்பது நம் பாட்டிமார் கேட்ட கேள்வி. மிஞ்சிய மாத்திரைகளையும் காலாவதியான மருந்துகளையும் கழிநீர்த் தொட்டியில் கொட்டாதிருப்பது ஒவ்வொரு குடும்பத்தாலும் ஆகக்கூடிய காரியம். சிவப்புக் கோடு போட்ட மருந்தை வைத்தியர் எழுதித் தராமல் வாங்கிச் சாப்பிடாதிருப்பதும் அப்படியே. சர்க்காரும் நகர சபையும் செய்ய வேண்டியதை வற்புறுத்திக் கேட்கும் உரிமை, தன் வீட்டுச் சாக்கடையைக் கவனிக்கும் பிரஜைக்கு இரட்டிப்பாகவே உண்டு. பொதிகையிலிருந்து தெளிந்து வரும் நீரை அப்படியே புன்னைக்காயல் வரை கொண்டு சேர்ப்பது, அதைக் குடித்து வளர்ந்த நம் எல்லோர் தலையிலும் விழுந்த கடமை.