இடம் மாறிய கூட்டல் குறி

க = க + 5 என்று எழுதினால் கணக்கு வாத்தியார் அடித்துவிடுவார். எந்த எண்ணும் தன்னைவிட ஐந்து கூடுதலாக இருக்க முடியாதே! நிரல்மொழியில் அந்தச் சமக்குறி ஒரு கட்டளை: வலப்பக்கத்துக் கணக்கைப் போட்டு, விடையை இடப்பக்கத்தில் வை. அதையே சுருக்கி க += 5 என்றும் எழுதலாம்.

அல்கால் 68 மொழியில் இருந்த இந்த உத்தி, பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் வழியாக, அதே ஆய்வகத்தில் கென் தாம்சன் உருவாக்கிய ‘பி’ மொழிக்கு வந்தது. அங்கே குறி தலைகீழாக, =+ என்று இருந்தது. அப்படி இருந்தால் நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலருக்குப் படிக்கச் சுலபம். பி-யின் வாரிசான ‘சி’யும் அப்படியே ஏற்றுக்கொண்டது. வம்பு கழித்தலில் வந்தது. க=-10 என்று நெருக்கி எழுதினால், மைனஸ் பத்தை க-வில் வைப்பதா, க-விலிருந்து பத்தைக் கழிப்பதா? கம்பைலர் கழித்துவிடும். 1976-இல் குறிகளை இடம் மாற்றினார்கள். பழைய வடிவம் தவறுதான் என்று சி-யைப் படைத்த டென்னிஸ் ரிட்சியே பின்னாளில் எழுதினார்.

சரி, += வெறும் சுருக்கெழுத்தா? அப்படித்தான் பல பாடநூல்கள் சொல்லிக் கடந்துவிடுகின்றன. ஆனால் பட்டியல்[அடுத்தது()] += 1 என்பதைப் பாருங்கள். ‘அடுத்தது’ என்ற செயற்கூறு, அழைக்கும்போதெல்லாம் புதிய எண்ணைத் தரும் என்று வைத்துக்கொள்வோம். விரித்து எழுதினால் அது இரண்டு முறை அழைக்கப்படும். ஓர் அறையில் எடுத்து, இன்னோர் அறையில் வைத்துவிடுவோம். += இடப்பக்கத்தை ஒரே ஒரு முறைதான் தேடிப் போகும்.

ஜாவாவில் இன்னொரு கூத்து. அதன் ‘பைட்’ வகையில் -128 முதல் 127 வரைதான் அடங்கும். க-வில் 100 இருக்கும்போது க = க + 100 என்றால் கம்பைலர் மறுத்துவிடும்; கூட்டலின் விடை பெரிய வகையைச் சேர்ந்தது. க += 100 என்றாலோ சத்தமில்லாமல் வெட்டித் திணித்து, -56 என்று வைத்துவிடும். இந்தத் தாராளம் எனக்கு உவப்பில்லை.

பைத்தானுக்கு += வந்தது 2000-இல் வெளியான 2.0 பதிப்பில். அங்கே ‘டியூப்பிள்’ என்பது மாற்ற முடியாத தொகுப்பு. அதற்குள் மாறக்கூடிய ‘லிஸ்ட்’ ஒன்றை வைக்கலாம். த என்ற டியூப்பிளின் முதல் இடத்தில் அப்படியொரு லிஸ்ட் இருக்க, த[0] += [3] என்று கொடுத்தால் பிழைச்செய்தி வரும். ஆனால் உள்ளே பார்த்தால் 3 சேர்ந்திருக்கும்! லிஸ்ட்டை நீட்டுவது முதல் வேலை, அது நடந்து முடிந்தது. நீட்டியதைத் திரும்ப டியூப்பிளில் வைக்கும் இரண்டாவது வேலைக்குத்தான் தடை.