செவி கூறும் சான்று

பொன்னின் மாற்றை உரைகல் காட்டும். பொருளின் எடையைத் துலாக்கோல் காட்டும். வீட்டிலிருந்தே இசை கேட்டற்கு அமைந்த உயர்விலை ஒலிக்கருவிகளின் தரத்தைச் செவியன்றி வேறெது காட்டவல்லது? எனினும், அச்செவி நடுநிலை பிறழாச் சான்றாகுமோ என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அமெரிக்க நாட்டில் எடிசன் கம்பெனியார் 1915ஆம் ஆண்டு முதல் சுமார் பத்தாண்டுகள் ஊர்தோறும் ஒரு சோதனை நடத்தினர். மேடையில் பாடகர் ஒருவர் தம் இசைத்தட்டு ஒலிக்கும் கருவியின் அருகே நின்று பாடுவார். விளக்குகள் அணையும். பாடுவது மனிதரோ கருவியோ என அவையோர் திகைப்பர். குறைபாடு மிக்க அக்காலக் கருவி அவர்களை எங்ஙனம் மயக்கிற்று? அப்பாடகியருள் ஒருவராகிய அன்னா கேஸ், கருவியின் ஒலியளவிற்கு ஏற்பத் தம் குரலை அடக்கிப் பாடியதாகப் பிற்காலத்தில் உரைத்தார்.

எனவே, ஒலியளவே நம்மை மயக்கும் முதற் காரணம் என்பது பெறப்படும். இரு ஆம்பிளிபையர்களுள் ஒன்று ஒரு டெசிபெல்லினும் குறைவாகவே மிகுந்தொலிப்பினும், நாம் அதனை ‘உரத்தது’ என்னோம். ‘தெளிவுடையது’ என்றே புகழ்வோம். ஆதலின் ஒலிபெருக்கியின் முனைகளில் வோல்ட்மீட்டர் வைத்து, இரண்டையும் பத்தில் ஒரு டெசிபெல் அளவிற்கு ஒப்பச் செய்தல் வேண்டும்.

இரண்டாவது காரணம் கண். டூல், ஆலிவ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 1994இல் வெளியிட்ட சோதனையில், ஒலிபெருக்கிகளைக் கண்டு கேட்டோர் தீர்ப்பும், திரைக்குப் பின் வைத்துக் கேட்டோர் தீர்ப்பும் வேறுபட்டன. தோற்றப் பொலிவும் பெயரும் மதிப்பெண்ணை மாற்றின. பழகிய செவியினரும் இதற்கு விலக்காகிலர்.

மூன்றாவது காரணம் நினைவு. நுண்ணிய ஒலி வேறுபாட்டை மனம் நெடுநேரம் தாங்காது. கம்பிகளை மாற்றி முடிக்குமுன் முன்னது மறந்துவிடும். ஆதலின் நொடிப்பொழுதில் மாற்றும் விசை இன்றியமையாதது.

இம்மூன்றையும் நீக்குவதற்கு எழுந்ததே 1982இல் டேவிட் கிளார்க் விளக்கிய ஏ-பி-எக்ஸ் முறை. ஏ, பி இரண்டும் தெரிந்த கருவிகள்; எக்ஸ் அவற்றுள் ஒன்று, எதுவென மறைக்கப்பட்டது. கேட்போர் அதனைப் பலமுறை கண்டுரைத்தல் வேண்டும். 16 முறையில் 8 சரியாதல் வெறும் ஊகத்தானும் இயலும். 12 அல்லது அதற்கு மேல் ஊகத்தால் சரியாவது நூற்றில் நான்கிற்கும் குறைவே.

மேயர், மோரன் இருவர் 2007இல் வெளியிட்ட சோதனையில், நுண்பதிவுத் தட்டின் ஒலியையும், அதனையே சாதாரண சி.டி. தரத்தின் வழியே செலுத்திப் பெற்ற ஒலியையும் பிரித்தறியுமாறு கேட்டனர். 554 முறையில் 276 சரியாயின. நாணயம் சுண்டினும் ஏறக்குறைய அத்துணையே! ஆயின் ஒலிபெருக்கிகளின் வேறுபாடோ மறைத்துக் கேட்பினும் புலப்படுகின்றது. அறையின் அமைப்பும் ஒலியை மிக மாற்றும். சிறுபொருள் சேர்த்து இசை நாடும் நம்போன்ற மாணாக்கர், பிறர் புகழுரை கேட்டு விலைமிக்க கம்பிகளில் அதனை இழவாது, முதற்கண் இவ்விரண்டையும் கருதுதல் நன்று.

இதனால் வேறுபாடு கேட்டதாகக் கூறுவோர் பொய்யர் ஆகார். அவர் உள்ளம் மெய்யாகவே கேட்டது; அது கருவியினின்று வந்ததோ, கண்ணினின்று வந்ததோ என்பதே வினா. ஒரு சோதனையிற் காணாமையால் வேறுபாடே இல்லையெனத் துணிதலும் தவறு. தன் செவியையும் சோதனைக்கு உட்படுத்த இசைபவரே நடுநிலையாளர். நாமும் அங்ஙனம் இசைவோமாக.